லிமிட் முடிந்த பிறகும் தூண்டில் போடலாமா?

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் ஒருவர் காலை ஆறு மணிக்குத் தூண்டில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏழு மணிக்குள் சட்டம் சொல்லும் அளவில் ஒரு ஸ்ட்ரைப்ட் பாஸ் மாட்டிவிடுகிறது. கடலோரத்தில் அந்த மீனுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான் வரம்பு. மீனை ஐஸ் பெட்டியில் வைத்தாயிற்று. இனி அவர் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டுமா, இல்லை சாயங்காலம் வரை பிடிப்பதும் விடுவதுமாக அங்கேயே நிற்கலாமா?

சட்டத்தைக் கேட்டால், பெரும்பாலான இடங்களில் பதில் ஒன்றுதான்: தாராளமாகப் போடு, பிடித்ததை விட்டுவிடு. தூண்டில்காரர்களைக் கேட்டாலும் அநேகமாக அதையே சொல்வார்கள். "அதான் விட்டுடறேனே, அப்புறம் என்ன தப்பு?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பதிலுக்குள் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வரம்பு விதி எண்ணுவது பெட்டிக்குள் போன மீனை. தண்ணீருக்குத் திரும்பிப் போய் அங்கே செத்த மீனை அது எண்ணுவதே இல்லை. மீனினத்துக்கோ இரண்டும் ஒரே இழப்புதான்.

முதலில் இந்த 'லிமிட்' எதற்காக வந்தது என்று பார்ப்போம். ஒரு மீனினத்தில் வருடத்துக்கு இவ்வளவு செத்தால் தாங்கும், அதற்கு மேல் போனால் குட்டிச்சுவர் என்று ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போடுகிறார்கள். அந்த மொத்தக் கணக்கை லட்சக்கணக்கான பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க நேரடி வழி கிடையாது. ஆகவே 'ஆளுக்கு இத்தனை, இந்த நீளத்துக்குள், இந்த மாதங்களில்' என்று ஒரு சுலபமான விதி போடுகிறார்கள். ஆக, லிமிட் என்பது கடலில் நடக்கும் சாவைக் கட்டுப்படுத்துவதற்கான ஒரு மறைமுகக் கருவி. மனிதர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், அடைய வேண்டிய இலக்காக, தனக்குச் சேர வேண்டிய பங்காக. 'லிமிட் அடிச்சாச்சு' என்பது அங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம். பங்கு கைக்கு வந்துவிட்டது, இனி வருவதெல்லாம் இனாம் விளையாட்டு என்ற மனநிலை அதிலிருந்துதான் பிறக்கிறது.

ஸ்ட்ரைப்ட் பாஸை நான் உதாரணத்துக்கு எடுத்தது காரணமாகத்தான். அந்த மீனுக்கு ஒரு நீண்ட கதை உண்டு. மேய்ன் முதல் வட கரோலினா வரை கரையோரம் மேலும் கீழுமாக வலசை போகும் மீன் இது. இனப்பெருக்கம் பெரும்பாலும் செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளில். 1970களின் பிற்பகுதியிலிருந்து எண்ணிக்கை சரிந்து, 1980களில் அடிமட்டத்துக்கு வந்தது. 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு தனிச் சட்டம் இயற்றியது. மேரிலாந்து மாநிலம் 1985இல் இந்த மீனைப் பிடிப்பதையே முழுக்க நிறுத்தியது. தடை 1990 வரை நீடித்தது. 1995இல் மீனினம் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். மீன்வள நிர்வாகத்தின் பெரிய வெற்றிக் கதைகளில் ஒன்றாக இன்றும் இதைச் சொல்வார்கள்.

அந்த வெற்றிக்குப் பிறகுதான் சிக்கல் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. 2019இல் வெளிவந்த மதிப்பீடு இந்த மீன் மறுபடியும் அளவுக்கு மீறிக் குறைந்திருக்கிறது என்றது. 2017ஆம் ஆண்டில் மீன்பிடிப்பால் செத்த ஸ்ட்ரைப்ட் பாஸ் எந்தெந்த வழியில் செத்தன என்று அதில் ஒரு பிரிப்பு உண்டு. வணிக மீனவர்கள் பிடித்துக் கரைசேர்த்தது 8 சதவீதம். அவர்கள் கடலிலேயே வீசியதில் செத்தது 2 சதவீதம். பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனது 42 சதவீதம். அதே தூண்டில்காரர்கள் பிடித்து, விட்டு, அப்புறம் செத்தது 48 சதவீதம்.

மறுபடியும் ஒருமுறை படித்துப் பாருங்கள். சாப்பிட எடுத்துப்போனதைவிட விட்டுவிட்டதில் செத்தது அதிகம்!

இது எப்படி நடக்கிறது என்பதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. நிர்வாகம் பயன்படுத்தும் கணிப்பு, விடப்படும் நூறு மீனில் ஒன்பது பிறகு சாகும் என்பது. இந்த ஒன்பது, டியோடாட்டி, ரிச்சர்ட்ஸ் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. 100க்கு 9 என்பது கேட்க நல்ல எண்தான், 91 பிழைக்கிறதே! ஆனால் பொழுதுபோக்குத் தூண்டிலில் மாட்டும் ஸ்ட்ரைப்ட் பாஸில் பத்தில் ஒன்பது பங்கு விடப்படுகிறது. பத்து மீன் பிடித்து ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பதை விட்டால், வைத்துக்கொண்டது ஒரு சாவு, விட்டதில் 0.81 சாவு. ஏறத்தாழ சரிபாதி. ஒரு நாளில் முப்பது மீனை விடுபவர் கணக்கில் 2.7 சாவு. லிமிட்டைத் தாண்டி மூன்று மீனைப் பெட்டியில் வைத்திருந்தால் அவருக்கு அபராதம் விழுந்திருக்கும். இப்போது அவர் விதியை மதித்த நல்ல குடிமகன்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். விட்டபின் சாகும் மீன்கள் எல்லாம் லிமிட் முடிந்த பிறகு பிடிபட்டவை அல்ல. பாதிப் பழி சட்டத்தின் மேல்தான். இப்போது கடலோரத்தில் 28 அங்குலம் முதல் 31 அங்குலம் வரை உள்ளதை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம். அதைவிடச் சிறியதையும் பெரியதையும் விட்டே ஆக வேண்டும். தன் ஒற்றை மீனைத் தேடி நிற்பவரும் வழியில் பலவற்றை விட்டுக்கொண்டுதான் போகிறார். மீனினம் சரிந்ததற்கும் தூண்டில் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. செசபீக்கில் 2019 முதல் குஞ்சுகளின் எண்ணிக்கை வருடா வருடம் சராசரிக்கு மிகக் கீழேயே இருந்துவந்திருக்கிறது. ஆனால் குஞ்சு குறைந்த காலத்தில்தானே இருக்கும் பெரிய மீனைக் கூடுதலாகக் காக்க வேண்டும்? மேலும், அளவு பொருந்தாததால் விடுவது தவிர்க்க முடியாத செலவு. தன் பங்கு கைக்கு வந்த பிறகு பிடித்து விடுவது தவிர்க்கக்கூடிய செலவு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

எதிர்த்தரப்பு வாதங்களையும் பார்த்துவிடுவோம். அவை லேசானவை அல்ல.

ஒன்று, 'எல்லாவற்றையும் கொன்று எடுத்துப்போன காலத்துக்கு இது எவ்வளவோ மேல்.' உண்மை. பிடித்துவிடும் பழக்கம் பரவியிருக்காவிட்டால் பல ஆறுகள், குளங்கள் காலியாகியிருக்கும். இரண்டு, 'இந்த மீனுக்காகக் குரல் கொடுத்தவர்களே தூண்டில்காரர்கள்தான். அவர்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில்தான் பாதுகாப்பு வேலை நடக்கிறது.' இதுவும் பெருமளவு உண்மை. மூன்று, 'கவனமாகக் கையாண்டால் சாவு குறையும்.' இதுவும் சரி. அதே 1996 ஆய்வில், சூழ்நிலை நன்றாக இருந்தால் 3 சதவீதம், மோசமாக இருந்தால் 26 சதவீதம் என்று வருகிறது. முள் தொண்டைக்குள் போனதா உதட்டில் மாட்டியதா, பிடித்தவர் அனுபவசாலியா என்பதெல்லாம் கணக்கில் சேரும். 2021 முதல் உயிர்இரை போட்டுப் பிடிப்பவர்கள் வட்டமாக வளைந்த தூண்டில்முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்ததும் இதனால்தான். அந்த முள் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும், குடலுக்குள் இறங்காது.

மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றும் பதில் சொல்வது வேறொரு கேள்விக்கு. ஒரு மீனை விடுவது கொல்வதைவிட மேலா என்று கேட்டால் இவை சரியான பதில். லிமிட் முடிந்தவர் முன்னால் இருக்கும் தேர்வு அது இல்லையே. கொல்வதற்கு அவருக்கு உரிமையே கிடையாது. அவர் முன்னால் இருப்பது, தொடர்வதா நிறுத்துவதா என்ற தேர்வு. நிறுத்தினால் சாவு சுழியம். அந்தச் சுழியத்தோடுதான் 9 சதவீதத்தை ஒப்பிட வேண்டும்.

கவனமாகக் கையாள்வது என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. ஆழ்கடலில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். புளோரிடாவின் அட்லாண்டிக் பக்கம் ரெட் ஸ்னாப்பர் என்ற மீனைப் பொழுதுபோக்காகப் பிடிக்க 2024இல் கொடுத்த பருவம் ஒரே ஒரு நாள். தட்டச்சுப் பிழை இல்லை, வருடத்துக்கு ஒரு நாள். 2025இல் இரண்டு நாள். ஆளுக்கு ஒரு மீன். மற்ற நாட்களிலும் படகுகள் அதே பாறைத்திட்டுகளுக்கு வேறு மீன் பிடிக்கப் போகின்றன. ரெட் ஸ்னாப்பருக்கு அது தெரியுமா? வந்து கடிக்கிறது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கும்போது உள்ளே இருக்கும் காற்றுப்பை ஊதிப்போகிறது. வயிறு வாய் வழியாகப் பிதுங்கும், கண் வெளியே தள்ளும். விட்டாலும் கீழே இறங்க முடியாமல் மிதந்து கிடக்கும். அதைத் திரும்ப ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவி ஒன்று படகில் இருக்க வேண்டும் என்று 2020இல் விதி கொண்டுவந்தார்கள். நல்ல விதிதான். இருந்தும் அந்தப் பகுதியில் ரெட் ஸ்னாப்பர் சாவில் பெரும்பங்கு இன்னமும் விடப்பட்டவற்றின் சாவுதான். பருவம் ஒரு நாளாகச் சுருங்கியதற்கு முக்கியக் காரணமும் அதுவே. விட்டுச் சாகடித்ததை ஆண்டுக் கணக்கில் கழித்தால், சாப்பிட எடுத்துப்போக மிச்சம் எவ்வளவு இருக்கும்?

லிமிட்டை வேறு விதமாக வளைக்கும் வழிகளும் உண்டு. கலிபோர்னியா கடலில் ஒரு படகில் இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால், படகிலிருக்கும் எல்லோருடைய லிமிட்டும் கூட்டாக நிறையும் வரை எல்லோரும் தூண்டில் போடலாம். அதாவது என் பங்கு முடிந்தாலும் உங்கள் பங்கை நான் பிடித்துத் தரலாம். நட்பாகத் தெரியும். ஆனால் லிமிட் வேலை செய்வதே எல்லோராலும் அதை எட்ட முடியாது என்பதால்தானே? கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தியெடுத்துப் படுத்திருப்பவர் பெயரிலும் கைதேர்ந்தவர் ஒருவர் பிடித்து நிரப்பலாம் என்றால், எழுத்தில் இருக்கும் உச்சவரம்பு நடைமுறையில் சராசரியாகிவிடும். அலாஸ்கா இதை வேறு மாதிரி பார்க்கிறது: கரையேற்றி உடனே விடாத மீன், முதலில் அதை முள்ளில் மாட்டியவர் கணக்கில்தான் சேரும். கையை மாற்றிக்கொடுத்துக் கணக்கை மாற்ற முடியாது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

இன்னொன்று பொறுக்கி மாற்றுவது. சிறியதைப் படகுத் தொட்டியில் உயிரோடு வைத்திருந்து, பெரியது கிடைத்ததும் சிறியதைத் தண்ணீரில் விட்டுவிடுவது. மின்னசோட்டாவில் பெரும்பாலான ஏரிகளில் லிமிட் நிறையும்வரை இப்படி மாற்றலாம், நிறைந்த பிறகு கூடாது. கோட்டை அங்கே போட்டது புத்திசாலித்தனம். லிமிட் நிறைந்தபின் மாற்றுவதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: எண்ணிக்கையை ஏமாற்றாமல் எடையை ஏமாற்றுவது.

இதற்கு நேர் எதிரான துருவத்தில் இருப்பவை ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும். ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான காரணம் இல்லாமல் ஒரு விலங்குக்கு வலியோ தீங்கோ தரக் கூடாது என்கிறது. சாப்பாடு நியாயமான காரணம், வெறும் பொழுதுபோக்கு அப்படி இல்லை என்பதுதான் அங்கே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். சுவிட்சர்லாந்து இன்னும் நேரடியாக, பிடித்து விடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதையே தன் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு ஆணையில் தடை செய்தது. சிறிய மீனை விடுவது வேறு, விடுவதற்கென்றே பிடிப்பது வேறு. இந்தக் கண்ணோட்டத்தில் நம் ஏழு மணி ஆசாமியின் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: உன் காரணம் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போ.

இதில் எனக்குப் பிடித்தது, கேள்வியை அது சரியான இடத்திலிருந்து தொடங்குகிறது என்பது. 'விட்டுட்டேனே' என்று முடிவைக் காட்டித் தப்பிக்க விடுவதில்லை, 'எதற்குப் பிடித்தாய்' என்று ஆரம்பத்தைக் கேட்கிறது. பிடிக்காதது, இதற்குள்ளும் ஒரு பாசாங்கு புகுந்துவிடுகிறது. நோக்கத்தை யார் அளப்பது? சாப்பிடத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டால் போதும். விட்டுவிடலாம் என்று மனது சொல்லும் ஒரு பெரிய தாய் மீனைக்கூட, சட்டத்துக்குப் பயந்து கொல்ல வேண்டிய நிலை சிலருக்கு வரலாம். ஒரு மீனுக்காகக் கவலைப்படும் சட்டமும் மீனினத்துக்காகக் கவலைப்படும் சட்டமும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. மீனுக்கு வலி உண்டா என்ற விவாதமும் இன்னும் ஓயவில்லை. 2003இல் லின் ஸ்னெடன் குழு டிரவுட் மீனின் தலையில் வலியுணர் நரம்புகளைக் காட்டியது. அது வலி ஆகாது, வெறும் எதிர்வினை என்று ஜேம்ஸ் ரோஸ் போன்றவர்கள் மறுத்தார்கள். என் வாதம் அந்த விவாதத்தை நம்பி நிற்கவில்லை. மீனுக்கு வலியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 48 சதவீதம் 48 சதவீதம்தான்.

இந்த இரண்டு துருவங்களுக்கும் நடுவில்தான் உருப்படியான விதிகள் இருக்கின்றன. அலாஸ்காவின் ஆங்கர் ஆறு, டீப் க்ரீக், நினில்சிக் போன்ற ஆறுகளில் இப்படி ஒரு விதி இருந்துவந்திருக்கிறது: 20 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள கிங் சால்மன் ஒன்றை எடுத்துக்கொண்டால் அன்றைக்கு அந்த ஆறுகளில் மேற்கொண்டு தூண்டிலே போடக் கூடாது. அயர்லாந்தில் சால்மன் லிமிட் முடிந்தபின் தொடரலாம், ஆனால் மண்புழு கூடாது, ஒற்றை முள்தான், அதிலும் சதையில் கொக்கிபோல் பிடித்துக்கொள்ளும் அந்தச் சின்ன எதிர்முனை இருக்கக் கூடாது. தொடர வேண்டுமானால் தீங்கைக் குறைத்துத் தொடர் என்பது அதன் பொருள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து போட்ட விதி எனக்கு எல்லாவற்றிலும் தெளிவானதாகத் தெரிகிறது. அங்கே சால்மனில் வைத்துக்கொள்வதற்கும் ஒரு நாள் வரம்பு, பிடித்து விடுவதற்கும் தனியாக ஒரு நாள் வரம்பு. எது முதலில் முடிகிறதோ அதோடு அன்றைய கடை மூடல். எண்ணிக்கைகள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. அதன் அடிப்படைதான் முக்கியம்: விடும் மீனும் கணக்கில் வரும் மீனே.

உடனே வரும் ஆட்சேபம், 'இதையெல்லாம் எப்படி அமல்படுத்துவது?' நியாயமான ஆட்சேபம். பெட்டியைத் திறந்து மீனை எண்ணலாம். விட்ட மீனை எப்படி எண்ணுவது? ஸ்ட்ரைப்ட் பாஸைக் குறிவைக்கவே கூடாது என்று தடை போட்டால், "நான் ப்ளூஃபிஷ் பிடிக்க வந்தேன்" என்பார் ஒருவர். அதே தண்ணீரில் அதுவும் இருக்கிறது, என்ன செய்ய முடியும்? ஆனால் அமலாக்கம் கஷ்டம் என்பதற்காக விதியே வேண்டாம் என்பது சரியா? மேரிலாந்து 2021 முதல் சில ஆண்டுகள் ஜூலை 16 முதல் 31 வரை ஸ்ட்ரைப்ட் பாஸைக் குறிவைப்பதையே தடை செய்தது, விடுவதற்காகப் பிடிப்பது உட்பட. கோடையில் தண்ணீர் சூடாகி ஆக்சிஜன் குறையும்போது விட்ட மீன் பிழைப்பது கடினம் என்பதுதான் காரணம். ஆள் வைத்துக் கண்காணிக்க முடியாவிட்டாலும், பெரும்பாலோர் விதி என்று தெரிந்தால் கேட்பார்கள். ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் அதிகம் பேர் நல்லெண்ணம் உள்ளவர்கள். அவர்கள் தொடர்ந்து பிடிப்பது கெட்ட எண்ணத்தால் இல்லை. 'விட்டுட்டா கணக்கில் வராது' என்று விதியே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பதால்.

என் விமர்சனம் முதலில் விதியின் மேல்தான், அதற்கடுத்துத்தான் தூண்டில்காரர் மேல். இருந்தாலும், விதி மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லாதவர் தூண்டில்காரர்தான். லிமிட் முடிந்ததும் தூண்டிலைச் சுருட்ட எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். அன்றைக்கு விடுவதற்கும் தனக்குத் தானே ஒரு எண் வைத்துக்கொள்ளலாம்: ஐந்து விட்டால் போதும், அதோடு சரி. பகல் வெயில் ஏறித் தண்ணீர் சூடானால் நிறுத்திக்கொள்ளலாம். வைத்துக்கொள்ளும் அளவில் முதலில் வந்த மீனை, 'இன்னும் பெரிசு வரும்' என்று விட்டுவிட்டு நாளெல்லாம் இருபது மீனை இழுப்பதற்குப் பதில், அந்த முதல் மீனையே எடுத்துக்கொண்டு கிளம்பலாம். கணக்குப்படி பார்த்தால் அன்றைக்கு அந்தக் கரையில் மீனினத்துக்குக் குறைவான செலவு வைத்தவர்களில் அவரும் ஒருவர், பெட்டியில் ஒரு செத்த மீன் இருந்தாலும்.